இரவுக் குரலும் இனப்பெயரும்

இரவில் வலசை போகும் பறவைகளைக் குரலால் இனங்காணுவது பற்றிய இக்கருத்தரங்குக்குத் தலைமை தாங்க அழைத்தமைக்கு நன்றி. ஒன்றை மட்டும் வலியுறுத்த வந்திருக்கிறேன்: கண்ணால் கண்ட பறவையோடு பொருத்திப் பார்க்காத குரலுக்கு நாம் இனப்பெயர் சூட்டக் கூடாது.

1896 செப்டம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசன் நகரை அடுத்த குன்றொன்றிலிருந்து ஓரின் லிபி ஒரே இரவில் சுமார் 3,800 குரல்களை எண்ணினார். கேட்டு மறைந்த ஒலியைத் திரும்பக் கேட்க அன்று வழியில்லை. 1950களின் இறுதியில் இல்லினாயில் ரிச்சர்ட் கிரேபரும் வில்லியம் காக்ரனும் பரவளையத் தட்டை வானம் பார்க்க நிறுத்தி, ஒலிநாடாவில் பதிந்தார்கள். குரல் கையில் கிடைத்துவிட்டது. அது யாருடையது என்பதுதான் பெரும்பாடு.

இக்குரல்கள் பாட்டல்ல, பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத சிறு ஒலிகள். பூங்குருவிகளின் குரல் ஏறத்தாழ 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். வார்ப்ளர்களின் குரல் 6 முதல் 9 வரை போகும். ஸ்வெயின்சன் பூங்குருவியின் குரலைத் தவளைச் சத்தம் என்று எண்ணி விட்டுவிடுவோரும் உண்டு. பல வார்ப்ளர் இனங்களின் குரல்களோ ஒலிவரைபடத்திலும் பிரித்தறிய முடியாதபடி ஒத்திருப்பதால், ஆய்வாளர்கள் அவற்றை ‘ஸீப்’ கூட்டம் என்ற பொதுப்பெயரில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொதுப்பெயரை நான் தோல்வியாகக் கருதவில்லை. அறிவியல் நேர்மை என்பேன்.

பில் எவன்ஸும் மைக்கேல் ஓ'பிரையனும் 2002இல் வெளியிட்ட குறுந்தகடு இத்துறையின் அடித்தளம். கிழக்கு வட அமெரிக்காவின் 211 இனங்களுக்கான அத்தொகுப்புக்காக, பகலிலும் விடியலிலும் பறந்தபடி குரலெழுப்பிய பறவைகளைக் கண்ணால் உறுதிசெய்து, அவற்றின் ஒலிவரைபடங்களை இரவுப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பொறுமைக்குக் குறுக்குவழி கிடையாது. இன்று கணினி நிரல்கள் ஓர் இரவின் பதிவைச் சில நிமிடங்களில் சலித்துத் தருகின்றன. அவை கற்றுக்கொள்வது நாம் இட்ட பெயர்களிலிருந்துதான். நம் பிழை ஒன்று அங்கே ஆயிரமாகும்.

குரல் கேட்கவில்லை என்பதால் பறவை இல்லை என்றும் ஆகாது. சிவப்புக்கண் விரியோ இரவில் பெருந்திரளாக வலசை போகிறது; ஆனால் அதன் குரல் இரவுப் பதிவுகளில் விழுவதில்லை.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? சிகாகோவில் 1978 முதல் கட்டடங்களில் மோதி இறந்த பறவைகளை டேவிட் வில்லார்ட் சேகரித்து வந்தார். அச்சேகரிப்பையும் கிளீவ்லாந்துத் தரவையும் சேர்த்து, ஏறத்தாழ 70,000 பறவைகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, இரவில் குரலெழுப்பும் இனங்களே அதிகம் மோதுகின்றன என்று காட்டியது. வெளிச்சத்தில் திசை தடுமாறிய பறவை எழுப்பும் குரல் மற்றவற்றையும் அங்கே இழுக்கிறதோ என்ற ஐயம் அதிலிருந்து எழுகிறது. எந்த இனம் எனத் தவறாகச் சொன்னால், எதைக் காக்கக் கட்டட விளக்குகளை அணைக்கிறோம் என்பதும் தவறிவிடும்.

நம் ஊர்த் தோட்டங்களுக்கு வலசை வரும் ஆறுமணிக் குருவியும் இரவுப் பயணிதான். ஆகவே இங்கும், பறந்தபடி குரலெழுப்பும் பறவையைப் பகலில் பார்க்கும்போதெல்லாம் பதிவுசெய்யுங்கள். நாள், நேரம், பார்த்தவர் பெயர் மூன்றையும் உடன் எழுதுங்கள். கட்டுரை வாசிப்போர் தங்கள் அட்டவணையில் ‘இனம் உறுதியில்லை’ என்ற பத்தியையும் சேர்த்துக் காட்டுமாறு கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.