ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு வார இறுதி: ஊரைப் பார்க்கவா, தோழியைப் பார்க்கவா?

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்; பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களுக்கான இந்தத் தொடரில், போன தடவை வாடகை, வங்கிக் கணக்கு, பகுதிநேர வேலைன்னு கொஞ்சம் கனமான விஷயங்களாகவே பேசினோம். இந்தத் தடவை கொஞ்சம் லேசான விஷயம். அதாவது, லேசா இருக்கும்னு நினைச்சுத்தான் குறிப்பு எழுத ஆரம்பிச்சேன்.

வேறொரு நாட்டில் படிக்கிற நண்பரைப் பார்க்க ஒரு வார இறுதிக்குப் போறது. ஐரோப்பாவுக்குப் படிக்க வர்ற எல்லாரும் செய்யணும்னு ஆசைப்படுற ஒண்ணு. "ரெண்டு நாள்ல என்னென்ன பார்க்கலாம், எவ்வளவு செலவாகும்?" அப்படீங்கறதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. அதுக்குப் பதில் சொல்றேன். கூடவே, யாரும் கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்லப் போறேன்: நீங்க போறது ஊரைப் பார்க்கவா, ஆளைப் பார்க்கவா?

நான் படிக்கிறது ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில். என்னோட தோழி பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் முதுகலை படிக்கிறா. திருச்சியில நாலு வருஷம் ஒரே விடுதி, ஒரே அறை. அவளைப் பத்திப் பேச அவகிட்ட அனுமதி வாங்கிட்டேன். "பேரை மட்டும் சொல்லாதடி, அம்மா கேட்பாங்க"ன்னு சொன்னா. அதனால பேர் கிடையாது.

போகும் வழி

வரைபடத்தில் பார்த்தால் இந்த ரெண்டு ஊரும் பக்கத்து ஊர் மாதிரிதான். நேரடி அதிவேக ரயிலில் சுமார் 40 நிமிஷம். ஆனா கடைசி நேரத்துல அந்த டிக்கெட் வாங்கினா மாணவர் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதனால நான் மெதுவான வழியில போனேன். மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் ஏற்கெனவே கையில் இருந்துச்சு. அதை வெச்சு சாதாரண ரயிலில் ஒஃபன்பூர்க் வழியா கேல் வரைக்கும் போகலாம். ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடைசி ஜெர்மன் ஊர் கேல். ஆற்றைத் தாண்டினா ஸ்ட்ராஸ்பூர்க்.

கேல் ரயில் நிலையத்திலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க்கின் டி வழித்தட டிராம் கிளம்புது. 2017-இல் இந்த டிராம் பாதையை ஆற்றின் மேல் நீட்டினாங்க. நம்ம ஊர்ல டவுன் பஸ் ஏறுற மாதிரி ஏறி உட்கார்ந்தா, பாலத்தைத் தாண்டினதும் நாடு மாறிடும். தனியா ஒரு டிக்கெட் எடுக்கணும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. டிராம்தானேன்னு பாஸ்போர்ட்டை அறையில வெச்சுட்டுப் போகாதீங்க. ஜெர்மனியின் குடியிருப்பு அனுமதி அட்டை இருந்தா, மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை இருக்கலாம். ஆனா அட்டையும் பாஸ்போர்ட்டும் ரெண்டும் கையில் இருக்கணும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனையைக் கொண்டுவந்துச்சு. என்னை யாரும் கேட்கல. உங்களைக் கேட்கலாம். அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பிச்சுட்டுக் காத்திருக்கிறவங்க, அந்த இடைக்காலத் தாளை வெச்சு எல்லை தாண்டலாமான்னு முதல்ல அலுவலகத்துல கேட்டுக்கோங்க. இன்னொண்ணு: ஜெர்மன் பொது மருத்துவக் காப்பீட்டு அட்டையோட பின்பக்கம்தான் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை. அவசர சிகிச்சைன்னா பிரான்ஸிலும் அது செல்லும். பர்ஸில் இருக்கட்டும்.

ஒன்பது சதுர மீட்டர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே கேல் வரைக்கும் வந்திருந்தா. கட்டிப்பிடிச்சோம், சிரிச்சோம். டிராம்ல நாலு நிறுத்தம் தாண்டினதும் ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. போன்ல தினமும் பேசுறவங்க நேர்ல பார்த்தா வர்ற அமைதி இல்ல அது. போன ரெண்டு மூணு மாசமாவே அவ போன் பேச்சு சுருங்கிக்கிட்டு வந்துச்சு. "சாப்பிட்டியா?" "ம்." "லேப் எப்படிப் போகுது?" "போகுது." நான் இந்த வார இறுதிக்குக் கிளம்பினதுக்குக் காரணமே அதுதான்.

அவ அறை, மாணவர் விடுதியில், ஒன்பது சதுர மீட்டர். கட்டில், மேசை, ஒரு ஜன்னல். சமையலறை தளத்துக்கே பொது. (விருந்தினர் இரவு தங்கலாமான்னு விடுதியில் முன்கூட்டியே கேட்கணும். அவ கேட்டு வெச்சிருந்தா.) எங்கம்மா அனுப்பின பருப்புப் பொடியில் பாதியை டப்பாவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். சாதம் வடிச்சு, நெய்க்குப் பதிலா வெண்ணெயைப் போட்டுச் சாப்பிட்டோம். ரெண்டாவது வாய் சாப்பிடும்போது சொன்னா: "நான் திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன்டி."

அவ படிப்பு ஆங்கிலத்தில். ஆனா லேப்ல காபி, மதியச் சாப்பாடு, சின்னச் சின்னப் பேச்சு எல்லாம் பிரெஞ்சு. "எல்லாரும் சிரிப்பாங்க. நான் ரெண்டு செகண்ட் கழிச்சுச் சிரிப்பேன். ஒரு வருஷமா அந்த ரெண்டு செகண்ட் குறையவே இல்ல" அப்படின்னா. இதைக் கேட்டவுடனே "அதெல்லாம் சரியாயிடும்"னு சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். எனக்கும் வந்துச்சு. சொல்லல. சாப்பிட்டு முடிச்சு, பாத்திரம் கழுவிட்டு, ரெண்டு பேரும் படுத்துட்டோம்.

சனிக்கிழமை: சந்தையும் கோபுரமும்

ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு வர்றவங்க பார்க்கிற பட்டியல் எல்லாருக்கும் தெரியும். பேராலயம், பழைய நகரத் தீவு (1988-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது), மரச்சட்ட வீடுகள், ஐரோப்பிய நாடாளுமன்றம். நான் அவகிட்ட, "நீ சனிக்கிழமை வழக்கமா என்ன செய்வியோ அதைச் செய், நான் கூட வர்றேன்"னு சொன்னேன். இதுதான் இந்த எபிசோடில் நான் தரக்கூடிய ஒரே உருப்படியான யோசனை.

அவ வழக்கம், மார்ன் சாலையில் போடுற காய்கறிச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அநேகமா மூடியிருக்கும், அதனால சனிக்கிழமையே எல்லாம் வாங்கிடணும். கடை முன்னாடி போனதும் முதல்ல "போன்ஜூர்" சொல்லணும், அதுக்கப்புறம்தான் விலை கேட்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தா. சொல்லாம நேரா விலை கேட்டா மரியாதைக் குறைவா எடுத்துக்குவாங்களாம். அப்புறம் நான் பின்னாடி நின்னு பார்த்தேன். லீக்ஸ் விலை கேட்டா. நேத்து வந்ததான்னு கேட்டா. கடைக்கார அம்மா என்னவோ சொல்ல, இவ பதிலுக்கு என்னவோ சொல்ல, அந்தம்மா சிரிச்சாங்க. இவளும் அதே நேரத்துல சிரிச்சா. ரெண்டு செகண்ட் கழிச்சு இல்ல.

அங்கிருந்து பேராலயம். வோஷ் மலையோட செம்மணற்கல்லில் கட்டினது. கோபுரம் 1439-இல் முடிஞ்சது, உயரம் 142 மீட்டர். 1647-லிருந்து 1874 வரைக்கும் உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். ரெண்டு கோபுரம் இருக்க வேண்டிய முகப்பில் ஒண்ணுதான் எழும்பியிருக்கு, இன்னொண்ணு கட்டப்படவே இல்ல. உள்ளே 1842-இல் ஷ்வில்கே செய்து முடித்த வானியல் கடிகாரம். அதில் அப்போஸ்தலர் பொம்மைகள் ஊர்வலம் வர்றது பன்னிரண்டு மணிக்கு இல்ல, பன்னிரண்டரைக்கு! அந்தக் கடிகாரம் ஊரோட சொந்த சூரிய நேரத்தில் ஓடுது. நாடு பூராவும் ஒரே நேரம்னு வர்றதுக்கு முன்னாடி இருந்த நேரம் அது. ஊர் அரை மணி நேரம் முன்னாடி போயிடுச்சு, கடிகாரம் தன் கணக்கிலேயே இருக்கு.

முன்னூறுக்கு மேல படி ஏறினா 66 மீட்டர் உயரத்தில் ஒரு மேடை. 1770-இல் கதே சட்டம் படிக்க இந்த ஊருக்கு வந்தப்போ அவருக்கு 20 வயசு. உயரம்னா தலைசுத்துமாம். அதைப் போக்கவே இந்தக் கோபுரத்தில் திரும்பத் திரும்ப ஏறினதா சுயசரிதையில் எழுதியிருக்கார். இதைச் சொன்னதும் தோழி மூச்சு வாங்கிக்கிட்டே, "எனக்கு பிரெஞ்சுல போன் பேசணும்னா இப்படித்தான்டி தலைசுத்தும்"னா. அப்போதான் சந்தையில நான் பார்த்ததை அவகிட்ட சொன்னேன். "நீ அந்தம்மா கூடவே சிரிச்ச." "அது வெங்காயத்தாள் விஷயம்டி, ஈஸி." "லீக்ஸ்." "சரி, லீக்ஸ்." கொஞ்ச நேரம் ஊரைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டு, "நிஜமாவா?"ன்னு கேட்டா.

ஞாயிற்றுக்கிழமை: சீருடை இல்லாத மகன்கள்

ஸ்ட்ராஸ்பூர்க்கின் நகர அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இலவசம். தேதியைப் பார்த்துப் போனா நல்லது. நாங்க போனதும் முதல் ஞாயிறுதான். ஆனா அதுக்கு முன்னாடி அவ என்னை ரெபுப்ளிக் சதுக்கத்தில் இறக்கிட்டா. தினமும் லேபுக்குப் போற டிராம் அந்த வழியாத்தான் போகுதாம்.

நடுவில் ஒரு நினைவுச் சின்னம், 1936-இல் வெச்சது. ஒரு தாய், மடியில் சாகிற ரெண்டு மகன்கள். மகன்கள் உடம்பில் சீருடை இல்ல. கீழே "எங்கள் இறந்தவர்களுக்கு" அப்படீன்னு மட்டும் இருக்கு. எந்த நாட்டுக்காகச் செத்தாங்கன்னு இல்ல. போட முடியாது. அல்சாஸ் பகுதி 1871-இல் ஜெர்மனிக்குப் போச்சு, 1918-இல் பிரான்ஸுக்கு வந்துச்சு. முதல் உலகப் போரில் இந்த ஊர்ப் பையன்கள் பெரும்பாலும் ஜெர்மன் படையில் இருந்தாங்க. சிலர் தப்பிப் போய் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தாங்க. சின்னம் வெச்சு நாலே வருஷத்தில், 1940-இல், மறுபடி ஜெர்மனி கையில் ஊர். 1942-லிருந்து அல்சாஸ், மொசெல் பகுதிகளிலிருந்து சுமார் 1,30,000 பேரைக் கட்டாயமா ஜெர்மன் படையில் சேர்த்தாங்க. 1944 நவம்பரில் ஊர் பிரான்ஸுக்குத் திரும்பிச்சு. 1870-இல் இங்கே பிறந்து 75 வயசு வரைக்கும் வாழ்ந்த ஒரு பாட்டி, வீட்டை விட்டு நகராமலே நாலு தடவை நாடு மாறியிருப்பாங்க.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது வழிகாட்டிப் புத்தகம் இல்ல, அவதான். சொல்லி முடிச்சுட்டு, சந்தையில் அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னும் சொன்னா. "எங்கம்மாவும் பள்ளிக்கூடம் போய்த்தான் பிரெஞ்சு கத்துக்கிட்டாங்க. வீட்ல அல்சாஸ் மொழிதான்"னு சொன்னாங்களாம். நேத்து சிரிச்சது அதுக்குத்தான். பழைய நகரத்தில் தெருப்பலகையிலேயே பிரெஞ்சும் அல்சாஸ் மொழியும் சேர்ந்து இருக்கறதை அப்புறம்தான் நான் கவனிச்சேன்.

ஒரு ஊரைப் பத்தி இவ்வளவு சொல்லத் தெரிஞ்ச ஒருத்திக்கு, தனக்கு இந்த ஊர்ல எதுவுமே வரலைன்னு தோணுது. தனியா இருக்கிறப்போ நம்ம கணக்குல கழித்தல் மட்டும்தான் ஏறும். என்ன சேர்ந்திருக்குன்னு பார்க்க வெளியிலிருந்து ஒரு ஆள் வேணும். விருந்தாளியோட வேலை அதுதான்னு நான் நினைக்கிறேன்.

எவ்வளவு ஆச்சு, என்ன ஆச்சு

செலவுக் கணக்கு கேட்டவங்களுக்கு: கேல் வரைக்கும் கூடுதல் செலவு இல்ல. டிராம் டிக்கெட், கோபுரம், கடிகாரம், சந்தைக் காய்கறி, ஒரு வேளை வெளிச்சாப்பாடு. வெளிச்சாப்பாடுன்னா தார்த் ஃப்ளாம்பே, மெல்லிசா தேய்ச்ச மாவு மேல கிரீமும் வெங்காயமும் போட்டுச் சுடுறது. வழக்கமா பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், சைவம்னா சொல்லிக் கேளுங்க. தங்கச் செலவு இல்லாததுதான் பெரிய மிச்சம். ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடுற வாரங்களில் இந்த ஊரில் ஹோட்டல் விலை ஏறிடும். விடுதி அறை கிடைக்காதவங்க அந்தத் தேதிகளைப் பார்த்துக்கோங்க.

நீங்க விருந்தாளியா போனா ஒரு வேளையாவது நீங்க சமைங்க. அவங்க ஊர்ல எடுபடாத ஒரு பொருளை எடுத்துட்டுப் போங்க; புளி, பொடி, ஊறுகாய் எதுவா இருந்தாலும் சரி. பார்க்க வேண்டிய இடப் பட்டியலைப் பாதியாக் குறைங்க. அவங்க வழக்கமா போற கடை, வழக்கமா உட்கார்ற பெஞ்சு, படிக்கிற இடம், இதையெல்லாம் காட்டச் சொல்லுங்க. நீங்க பார்த்ததை அவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க.

தோழி என்ன முடிவெடுத்தான்னு கேட்பீங்க. இன்னும் எடுக்கல. இந்த செமஸ்டர் முடியட்டும்னு வெச்சிருக்கா. திரும்பிப் போறதும் தோல்வி கிடையாது, அதையும் அவகிட்ட சொல்லியிருக்கேன். போன வாரம் கூப்பிட்டா. "சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன். லீக்ஸ் போட்டு சாம்பார் வெச்ச கதையை இருபது நிமிஷம் சொன்னா. நல்லாவே இல்லையாம்.

அடுத்த எபிசோடில், பரீட்சை நேரத்தில் பகுதிநேர வேலையை எப்படிச் சமாளிக்கிறதுன்னு பேசுவோம். உங்க கேள்விகளை அனுப்புங்க. அதுக்கு முன்னாடி, ரொம்ப நாளா "ம்", "போகுது"ன்னே பதில் சொல்ற யாராவது உங்களுக்கு இருந்தா, ஒரு டிக்கெட் போட முடியுமான்னு பாருங்க.