சாரல் பெய்தது, ஆள் வரவில்லை



ஆனி பிறந்தால் தென்காசிப் பக்கம் காற்று மாறும். செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று புகுந்து, வெயிலும் தூறலுமாகக் குற்றாலத்தில் சாரல் தொடங்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மெயினருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுபவர், ஐந்தருவிச் சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவர், லாட்ஜில் அறை துடைப்பவர், வேன் ஓட்டுபவர் என எல்லோருக்கும் வருடச் சம்பாத்தியத்தின் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில்தான். சீசனுக்கு முன்பே வட்டிக்கு வாங்கிச் சரக்குப் போடுவார்கள், கடை ஏலம் எடுப்பார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவால் அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. டிசம்பரில் திறந்தார்கள். 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்து மறுபடி தடை. மறுபடி டிசம்பரில்தான் திறப்பு. இடையில் நான்கு மாதம் திறந்திருந்ததே என்று கேட்கலாம். சாரல் இல்லாத மாதங்கள் அவை. சபரிமலை போகும் பக்தர்கள் வழியில் குளிக்க வரும் ஐயப்பன் சீசன் கொஞ்சம் கை கொடுத்திருக்கும். ஆனால் அந்த ஆண்டு சபரிமலையிலேயே பக்தர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். ஆக, அடுத்தடுத்து இரண்டு சாரல் போயிற்று. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இதே கதிதான். இரண்டு கோடைகளும் போயின, ஊட்டி மலர்க்காட்சி இரண்டு ஆண்டும் நடக்கவில்லை.

பெருந்தொற்றால் சுற்றுலாவுக்கு ஏற்பட்ட இழப்பை மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆராயச் சொன்னது. தில்லியில் உள்ள என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் அதைச் செய்தது. தொற்றுக்கு முந்தைய 2019-20இல் நாட்டில் சுற்றுலா நேரடியாகத் தந்த வேலைகள் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் என்பது அவர்கள் மதிப்பீடு. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை 1 கோடியே 45 லட்சம் வேலைகள் போயின. அடுத்த காலாண்டில் 52 லட்சம், அதற்கடுத்ததில் 18 லட்சம்.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசின் தேசியக் கணக்கில் இரும்புக்கு, ஜவுளிக்கு, கட்டுமானத்துக்கு இடம் உண்டு. சுற்றுலா என்று தனித் தொழில் கிடையாது. தென்காசியில் ஒரு இட்லிக் கடை இருக்கிறது என்று வையுங்கள். அங்கே உள்ளூர்க்காரரும் சாப்பிடுவார், அருவிக்கு வந்தவரும் சாப்பிடுவார். விற்பனையில் பயணிகள் பங்கு எத்தனை சதவீதம் என்று கண்டுபிடித்து, அந்த அளவுக்கு அந்தக் கடையின் வேலைகளைச் சுற்றுலாவின் பங்காக எடுத்துக்கொள்வார்கள். பேருந்து, ரயில், லாட்ஜ் என்று ஒவ்வொரு துறையாக, நாடு முழுமைக்கும் இப்படிப் பிரித்துக் கூட்டினால் மொத்தம் வரும். உலக நாடுகள் பலவும் பின்பற்றும் முறை இது. பழுது சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த 1 கோடியே 45 லட்சத்தில் ஒருவருக்குக்கூடப் பெயர் கிடையாது.

உதவி என்று வரும்போது பெயர் வேண்டியிருக்கிறது. 2021 ஜூன் 28 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சுற்றுலாத் துறைக்கு ஒரு கடன் உத்தரவாதத் திட்டம் அறிவித்தார். பயண நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை, உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பிணை இல்லாத கடன். யாருக்கெல்லாம் என்றால், அங்கீகாரம் பெற்ற ஏறக்குறைய 10,700 வழிகாட்டிகளுக்கும் சுமார் 1,000 நிறுவனங்களுக்கும். பதிவேட்டில் இருந்தவர்கள் அவ்வளவு பேர்தான். ஒரு புறம் ஒன்றரைக் கோடிக்குப் பக்கத்தில், மறுபுறம் பன்னிரண்டாயிரத்துக்கும் கீழே. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

தெரு வியாபாரிகளுக்கு 2020 ஜூனிலேயே 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதத்தோடு வாங்கலாம் என்று வழி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் எண்ணெய் தேய்ப்பவர் தெரு வியாபாரியா? லாட்ஜில் சீசனுக்கு மட்டும் வேலைக்கு வரும் பெண் எந்தப் பட்டியலில் வருவார்? கடை ஏலம் எடுத்தவர் பெயர் அலுவலகத்தில் இருக்கும். அவரிடம் உள்வாடகைக்கு எடுத்தவர் பெயர் இருக்காது, அந்தக் கடையில் தட்டுக் கழுவுகிறவர் பெயரும் இருக்காது. இரண்டு சாரல் வருமானத்தை இழந்தவருக்குக் கடன் கொடுப்பது, ஏற்கெனவே இருக்கும் வட்டியின் மேல் இன்னொரு பாரம் என்பதும் உண்மை.

காலாண்டுக் கணக்கு இன்னொன்றையும் மறைத்துவிடுகிறது. 2020 கடைசியில் இழப்பு 18 லட்சமாகக் குறைந்தபோது நாட்டின் சுற்றுலா தேறிவருவதாகத் தெரிந்தது. குற்றாலத்து மனிதருக்கு அந்தத் தேறுதல் வர வேண்டுமானால் அடுத்த ஆனி வர வேண்டும். அந்த ஆனியும் தடையில் போனது. சீசன் கோவளத்துக்கு ஒரு மாதம், கோத்தகிரிக்கு வேறு மாதம். எந்த ஊரில் எந்த மாதம் இழந்தார்கள் என்று பார்க்காமல் இழப்பை அளக்க முடியாது.

ஆகவே ஆய்வு இனி ஊர் ஊராக நடக்க வேண்டும் என்பது என் விருப்பம். நெல்லையிலும் மதுரையிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, பொருளியல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாரல் காலம் முழுக்கக் குற்றாலத்தில் கடை கடையாகப் போய்க் கேட்கலாம். சீசனில் என்ன வேலை, சீசன் இல்லாதபோது என்ன வேலை, முன்பணம் யாரிடம் வாங்கினார்கள், 2020இல் வாங்கியது அடைந்துவிட்டதா, அந்த இரண்டு ஆண்டில் பிள்ளைகள் படிப்பு நின்றதா. கேட்டு எழுதிய பெயர்களை, அவர்கள் சம்மதத்தோடு, பேரூராட்சியில் ஒரு பதிவேடாக வைக்கலாம். வருடா வருடம் சாரல் தொடங்கும்போது அதைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.