மஞ்சள் கடுதாசி ஆலைக்கு, பட்டை நாமம் நமக்கா?

(புதுச்சேரி நகரில் கரும்பு விவசாயிகள் நடத்திய ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று கொம்யூன் கொம்யூனாகத் திரண்டு வந்திருக்கிறோம். வெட்டிக் கொடுத்த கரும்புக்கு 14 நாளில் பணம் தரணும். தவறினால் 15 சதவீதம் வட்டி. 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்வது இது.

ஆனால் ஆலை மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால்? 2016-இல் வந்த திவால் சட்டப்படி ஆலைச் சாவி முதலாளி கையை விட்டுப் போகும். தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஓர் அதிகாரியை நியமிக்கும். நாம் ஆலைமேல் தனியாக வழக்குப் போட முடியாது. நமக்கும் புதுச்சேரிக்கும் அந்தத் தீர்ப்பாயம் சென்னையில்தான்.

சரி, முதலாளி அதற்கு முன்பே சொத்தை அடிமாட்டு விலைக்குச் சொந்தக்காரன் பேரில் தள்ளிவிட்டிருந்தால்? அதை மீட்க மனுப் போடுவதும் அந்த அதிகாரி பொறுப்பு. "செலவு ஜாஸ்தி, வேணாம்" என்று அவர் விட்டுவிட்டால் யாருக்கு நஷ்டம்? வங்கிக்கு அடமானம் இருக்கு. அது விற்ற பணத்தில் முதல் பங்கு அவர்களுக்கு. கரும்பு போட்ட நமக்கு அடமானமும் இல்லை, கடன்காரர் கூட்டத்தில் ஓட்டும் இல்லை. அவர் போடாமல் விட்ட வழக்கில் முழுகுவது நம்ம பாக்கி.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாமா? டி.எச்.எப்.எல். வழக்கைப் பாருங்க. அந்தக் கம்பெனியில் நடந்த மோசடிகளுக்காகப் போட்ட வழக்குகளில் வரக்கூடிய பணத்துக்குக் கடன்காரர் குழு வைத்த விலை ஒரே ஒரு ரூபாய்! 45,000 கோடி வரை வரவேண்டியதற்கு இதுவா விலை என்று கடன்பத்திரம் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மறுபடி யோசிக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடன்காரர்களின் வியாபார முடிவில் தலையிட மாட்டோம் என்பதே அதன் நிலை.

அப்போ வழியே இல்லையா? இருக்கு. 2016 சட்டத்தின் 47-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது. குறைந்த விலைக்குச் சொத்து கைமாறியதை அதிகாரி சொல்லாமல் விட்டால், பாக்கிக்காரரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தெரிந்தும் மறைத்தார் என்றால் அவர்மேலேயே ஒழுங்கு நடவடிக்கைக்கு உத்தரவு வரும். ஆனால் ரசீது இல்லாமல், பாக்கியைப் பதிவு செய்யாமல் போய் நின்றால் யார் கேட்பார்?

தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியைப் பாருங்க. திருஆரூரான் ஆலை திவாலாகிக் கால்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. கரும்புப் பாக்கி கேட்டும், பழைய நிர்வாகம் எங்க பேரில் வாங்கிய வங்கிக் கடனைத் தீர்க்கணும் என்றும் விவசாயிகள் 2022 நவம்பர் 30-இல் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆலை கைமாறின பிறகு வாசலில் உட்காருவதைவிட, கைமாறும் முன்பே தீர்ப்பாயத்தில் நிற்பது மேல்.

நம்ம அரியூர் கதையும் தெரியும். பி.என்.எல். நிதியில் பணம் போட்ட ஜனங்களுக்காகப் புதுச்சேரி அரசு 2004-ஆம் வருஷத்து வைப்பாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுத்தது. நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலை உச்சநீதிமன்றம் வரை எதிர்த்தது. 2012-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. வைப்புப் பணத்துக்கு வக்கீல் வைத்த அரசு, கரும்புப் பாக்கிக்கு வைக்கக் கூடாதா?

நாம் கேட்பது இதுதான்:

1. ஆலை திவாலானால் ஒவ்வொரு கரும்பு விவசாயிக்கும் தமிழில் நோட்டீஸ் வரணும்.

2. கைமாறிய சொத்துக்களின் தணிக்கை அறிக்கை நகல் சங்கத்துக்குத் தரணும்.

3. வழக்குப் போடாவிட்டால் காரணத்தை எழுத்தில் தரணும்.

4. தீர்ப்பாயத்தில் நமக்காக அரசு வக்கீல் நிற்கணும்.

நாம் செய்யவேண்டியதும் உண்டு. எடைச்சீட்டு, ஒப்பந்தம், பாஸ்புக் எதையும் தூக்கிப்போடாதீங்க. பத்திரிகை அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் சங்கம் மூலமாகப் பாக்கியைப் பதியுங்க. சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி மொத்தக் கடனில் 10 சதவீதம் சேர்ந்தால் கடன்காரர் கூட்டத்தில் நம் பிரதிநிதி உட்காரலாம். ஓட்டு இல்லாவிட்டாலும் கேள்வி கேட்கலாம்!

தனித்தனியாக நின்றால் பாக்கிக்காரன். சேர்ந்து நின்றால் சங்கம்!

உழைத்த கரும்புக்கு உரிய பணம் பெறுவோம்!