அப்டேட் போட்ட பிறகு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால்

(திருத்தணியில் கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு நாள் முன்னால் நம் ஆபீசில் நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். மலைக்கு வரும் காவடிக் கூட்டத்தில் ரோடெல்லாம் அடைபட்டுக் கிடந்தது. மறுநாள் காலை 11 மணிக்குள் 14 குழுக்களின் கடன் விண்ணப்பம் வங்கியில் இருக்கணும். கம்ப்யூட்டரோ "அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்று சொல்லி 30 சதவீதத்திலேயே நின்றுவிட்டது. அரை மணி நேரம் பொறுத்தோம். அப்புறம் நாங்களே பிளக்கைப் பிடுங்கினோம். தப்பு எங்கள் மேல்தான். அதோடு அது எழுந்திருக்கவே இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து 14 விண்ணப்பத்தையும் கையால் எழுதினோம். லெட்ஜர் நோட்டு இருந்ததால் பிழைத்தோம்.

"இந்த அப்டேட்டே வேண்டாம்மா, நிறுத்திடலாம்" என்று அன்றைக்குப் பல பேர் சொன்னீர்கள். அது சரிப்படாது. 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. பைல்களையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்க 300 டாலர் கொடு என்றது. நமக்குப் பக்கத்திலேயே, சித்தூர் மாவட்டத்தில் போலீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள்.

அதே சமயம், அப்டேட்டே கோளாறாக வருவதும் உண்டு. 2021 மார்ச்சில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், சில பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்தவுடனே நீலத் திரை காட்டி நின்றது. ஒரு வாரத்துக்குள் மாற்று அப்டேட் வந்தது. 2024 ஜூலை 19-ல் வேறொரு கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருள் அப்டேட்டால் உலகத்தில் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம்மை மாதிரியேதான்!

சரி, என்ன செய்யணும்? முதலில் பொறுமை. ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டு இருந்தால் ரெண்டு மூணு மணி நேரம்கூட விட்டுவிடுங்கள். கரண்ட் போகும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் அப்டேட் போடவே கூடாது.

எழுந்திருக்கவே இல்லை என்றால், விண்டோஸ் படம் வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி ரெண்டு மூணு தடவை செய்தால் பழுது பார்க்கும் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய், லேட்டஸ்ட் குவாலிட்டி அப்டேட்டை எடுத்துவிடுங்கள். நம் கணக்கு பைல் எதுவும் அழியாது. பக்கத்திலேயே ரீசெட் என்று ஒன்று இருக்கும். தெரியாமல் அதைத் தொடாதீர்கள். எங்கள் மிஷின் இந்த வழியில்தான் எழுந்தது, ஆனால் விண்ணப்பம் கொடுத்து முடித்த பிறகு!

சில கம்ப்யூட்டர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லாமல் உள்ளே போக முடியாது. இப்போதே எடுத்து எழுதி, தீர்மான நோட்டோடு பீரோவில் வையுங்கள்.

கம்ப்யூட்டர் எழுந்து பிரிண்டர் மட்டும் வேலை செய்யாவிட்டால், பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் பயப்பட வேண்டாம், 2021 ஆகஸ்டிலிருந்து அப்படித்தான்.

இன்னொன்று. விண்டோஸ் அப்டேட் மாதத்தின் ரெண்டாவது செவ்வாய் ராத்திரி நமக்கு வரும். அந்த வாரம் புதன், வியாழனில் வங்கி வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமையே கணக்கையெல்லாம் பென் டிரைவில் ஏற்றி, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. அந்த மிஷின் வைத்திருக்கும் குழுக்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.