நீதிமன்றம் இல்லாத ஒரு வழக்கு

தொலைக்காட்சியில் கோர்ட் கதை என்றால் அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே பெர்ரி மேசன்தான். சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1957 முதல் 1966 வரை 271 கதைகள் வந்தன. வக்கீல் மேசனாக நடித்தவர் ரேமண்ட் பர். முதல் பாதியில் கொலை நடக்கும், மறுபாதியில் கோர்ட் கூடும். குற்றம் செய்யாதவர் மாட்டிக்கொண்டு விழிப்பார். மேசன் குறுக்கு விசாரணையில் நெருக்க நெருக்க, சாட்சிக் கூண்டில் இருப்பவரோ, பார்வையாளர் வரிசையில் அதுவரை சாதுவாக உட்கார்ந்திருந்தவரோ, தாங்க முடியாமல் உண்மையைக் கக்கிவிடுவார். மூல நாவல்களை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் கலிஃபோர்னியாவில் வக்கீல் தொழில் பார்த்தவர். அதனால் சட்டம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த ஒப்புதல் வாக்குமூலம் மட்டும்தான் நம்பும்படி இருக்காது. உலகத்தில் எந்தக் கொலைகாரன் அப்படி வாரம் தவறாமல் கோர்ட்டில் எழுந்து நிற்கிறான்?

கோர்ட்டே காட்டப்படாத கதை ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஆனால் ஒரு வழக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை மேசனைவிட இது நன்றாகக் காட்டுகிறது என்பது என் கட்சி. கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளரை நாயகனாகக் கொண்ட 'கொலம்போ' தொடரில் 1974 செப்டம்பர் 15 அன்று என்பிசி தொலைக்காட்சியில் வந்த 'ஆன் எக்ஸர்சைஸ் இன் ஃபேட்டாலிட்டி' என்ற கதை அது. கதைக்கரு லாரி கோஹனுடையது. திரைக்கதை பீட்டர் எஸ். ஃபிஷர், இயக்கம் பெர்னார்ட் கோவால்ஸ்கி.

இடம் லாஸ் ஏஞ்சலிஸ். மைலோ ஜேனஸ் என்பவன் ஹெல்த் கிளப் முதலாளி. உடம்பே விளம்பரமாக ஊர் ஊராகக் கிளைகளை உரிமம் கொடுத்து நடத்துகிறான். ராபர்ட் கான்ராட் அந்த வேடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறார். கிளை எடுத்தவர்கள் கருவிகள், சாமான்கள் எல்லாவற்றையும் அவன் கைகாட்டும் கம்பெனிகளில்தான் வாங்க வேண்டும், அதுவும் அநியாய விலைக்கு. அந்தக் கம்பெனிகளும் மறைமுகமாக அவனுடையவைதான். கிளை எடுத்த ஜீன் ஸ்டாஃபர்ட் இதைக் கண்டுபிடித்து, அம்பலப்படுத்துவேன் என்கிறான். இரவு எல்லோரும் போன பிறகு ஜேனஸ் கிளப்புக்கு வந்து அவனைத் துரத்தி மடக்கிக் கொன்றுவிடுகிறான். பிறகு அவனுக்கு உடற்பயிற்சி உடுப்பு மாட்டி, பெஞ்சில் படுக்கவைத்து, எடைக்கம்பியைக் கழுத்தின் மேல் வைக்கிறான். தனியாக எடை தூக்கியவன் கை நழுவி மாண்டான் என்று ஊர் நம்பவேண்டும்.

இத்தனையும் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். கொன்றவன் யார் என்ற கேள்வியே கிடையாது. மேசன் கதையில் நாம் ஆளைத் தேடுகிறோம். இங்கே ஆள் கண்ணெதிரே கேரட் சாறு குடித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு எதிரான சாட்சியத்தைத்தான் தேடுகிறோம். சூழ்நிலைச் சாட்சியம் ஒன்று ஒன்றாகச் சேர்வதை, எந்த வளையம் பலவீனம், எது தாங்கும் என்று ஜூரியைப் போல நாமே எடைபோட்டுக்கொண்டு போகிறோம்.

முதலில் தரை. அன்றுதான் மெழுகு பூசிப் பளபளப்பாக்கிய தரையில் பழுப்பு நிற ஷூ இழுபட்ட தடங்கள். அடுத்து வயிறு. இறந்தவன் வயிறு நிறையச் சீன உணவு சாப்பிட்டிருக்கிறான். அப்படிச் சாப்பிட்ட கையோடு யாராவது எடை தூக்கப் போவார்களா? ஜேனஸின் உடம்பில் சூடான காபி பட்ட காயம் வேறு. ஆனால் இவற்றை வைத்து ஒருவனைத் தண்டிக்க முடியாது. அசட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டு எடை தூக்கினான் என்று எதிர்க்கட்சி வக்கீல் சொன்னால் முடிந்தது கதை.

அப்புறம்தான் ஷூ லேஸ் வருகிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லேஸ் கட்டும்போது ஒரு கையால் வளையம் பிடித்து, மறு கையால் அதைச் சுற்றி இன்னொரு வளையத்தை இழுக்கிறோம். தினமும் அதே கை, அதே பக்கம். ஆனால் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து கட்டிவிடுகிறீர்களே, அப்போது உங்கள் வலது பக்கம் குழந்தையின் இடது பக்கம். முதலில் பிடித்த வளையம் குழந்தை தானே கட்டியிருந்தால் எந்தப் பக்கம் விழுமோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். ஸ்டாஃபர்ட் காலில் முடிச்சு அப்படித் திரும்பியிருந்தது. வேறொருவர் கட்டிவிட்ட முடிச்சு அது. உயிரோடு இருக்கும் ஒரு பெரிய மனிதனுக்கு யார் வந்து லேஸ் கட்டிவிடப் போகிறார்கள்?

மேசன் மாதிரி ஒரு வக்கீல் எழுந்தால், இறந்தவர் இடது கைப் பழக்கம் உள்ளவரா என்று முதல் கேள்வி கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் திரைக்கதையின் சாமர்த்தியம், வழக்கை முடிச்சோடு நிறுத்தாமல் ஜேனஸின் வாயோடு சேர்த்துக் கட்டியதில் இருக்கிறது. கொலை நேரத்தில் தான் வீட்டில் விருந்தினரோடு இருந்ததாகக் காட்ட, ஸ்டாஃபர்டின் பழைய பேச்சுப் பதிவுகளை வெட்டி ஒட்டி, அவனே தொலைபேசியில் அழைப்பதுபோல் ஏற்பாடு செய்கிறான். ஜேனஸின் செயலாளர் எடுத்து, ஸ்டாஃபர்டின் குரலைக் காதால் கேட்கிறாள். பிறகு ஜேனஸ் வாங்கி, ஸ்டாஃபர்ட் உடுப்பு மாற்றிக்கொண்டு உடற்பயிற்சி செய்யப் போகிறானாம் என்று எல்லோர் முன்னாலும் தெரியப்படுத்துகிறான்.

அங்கேதான் மாட்டுகிறான். கிளப்பை விட்டுக் கடைசியாகப் போனவர்கள் ஸ்டாஃபர்டைப் பார்த்தது அலுவலக உடையில். அவன் தானாக உடுப்பு மாற்றவில்லை என்று லேஸ் சொல்கிறது. அப்படியானால் அவன் உடற்பயிற்சி உடுப்பில் இருக்கிறான் என்பது, அதை மாட்டிவிட்டவனைத் தவிர யாருக்குத் தெரியும்? தப்பிக்கக் கட்டிய சாட்சியமே அவனுக்கு எதிரான முதல் சாட்சியமாகிவிடுகிறது. வாக்குமூலமோ அழுகையோ தேவைப்படவில்லை. அரசுத் தரப்பு வக்கீல் இதை எழுதி எடுத்துக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போகலாம்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேர ஒளிபரப்பை நிரப்ப இழுத்திருக்கிறார்கள். கம்பெனி அலுவலகம் ஒன்றில், கணினி ஒரு பெயரைத் தேடித் துப்பும் வரை கொலம்போ காத்திருக்கும் காட்சி இருக்கிறதே, முதல் ஒரு நிமிடம் சிரிப்பு வரும். அதற்குமேல் நாமும் அவரோடு சேர்ந்து வரிசையில் நிற்கிறோம். மழைக்கோட்டைக் கழற்றாமல் கடற்கரையில் ஜேனஸின் பின்னால் மூச்சிரைக்க ஓடும் காட்சியை மட்டும் நான் வெட்டமாட்டேன். கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபாக் அந்த ஓட்டத்திலும் கேள்வி கேட்பதை நிறுத்துவதில்லை.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். ஸ்டாஃபர்டைப் பிரிந்து வாழ்ந்த மனைவி ரூத், தூக்க மாத்திரைகளை விழுங்கி மருத்துவமனையில் கிடக்கிறாள். காத்திருப்பு அறையில் ஜேனஸும் கொலம்போவும். தலையைச் சொறிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டே பழகிய கொலம்போ அங்கே குரலை உயர்த்தி, நீதான் கொன்றாய் என்று நான் நம்புகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். கையில் அப்போது முழு ஆதாரம் கிடையாது. தொடர் முழுக்கத் தேடினாலும் இப்படி அவர் கோபப்படும் இடங்கள் மிகக் குறைவு. கூண்டில் நிற்கும் குற்றவாளி உடைந்து விழுவதை மேசன் கதைகளில் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். இங்கே ஒரு நிமிடம் உடைவது விசாரிப்பவர். ஜேனஸ் அசையாமல் நிற்கிறான்.

இதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், கொலையைவிட அந்தத் தொலைபேசிக் காட்சியை உன்னிப்பாகப் பாருங்கள். ஒரு வாக்கியம் குறைவாகப் பேசியிருந்தால் ஜேனஸ் தப்பித்திருப்பான். எந்த வாக்கியம் என்று உங்களுக்கு இப்போது தெரியும், அவனுக்கு இன்னும் தெரியாது.