மரத்தில் கட்டிய கேமரா



நாளிதழைப் பிரித்ததும் பல நாள்களில் நம் கண் முதலில் போய் நிற்பது ஒரு விலங்கின் படத்தில்தான். தேயிலைத் தோட்டத்தில் நடந்து போகும் கரடி, கிணற்றிலிருந்து மீட்கப்படும் காட்டுமாடு, சாலையின் குறுக்கே படுத்திருக்கும் சிறுத்தை. "இங்கே பாருங்களேன்" என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். கைப்பேசியில் வந்த படம் என்றால் உடனே நாலு பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். இந்த வியப்பு நம்மை எங்கே அழைத்துச் செல்கிறது என்று இன்று சற்றுச் சிந்திப்போம்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழ்கிறவர்களுக்கு இது எங்கோ நடக்கும் செய்தி அல்ல. மேற்கே திரும்பினால் மலை தெரிகிறது. அந்த மலைக்காட்டை 1988-ஆம் ஆண்டு அரசு சரணாலயமாக அறிவித்தது. எதற்காகத் தெரியுமா? ஓர் அணிலுக்காக! செண்பகத்தோப்புப் பகுதியில் வாழும் சாம்பல் நிற அணில் அது. உடம்பின் நீளத்துக்கு வாலும் நீண்டிருக்கும். தரையில் இறங்குவது அரிது. கிளைவிட்டுக் கிளை தாவியே தன் நாள்களைக் கழிக்கும். கிளையும் கிளையும் தொட்டுக்கொள்ளும் காடு இல்லையென்றால் அதற்கு வாழ்வு இல்லை. 2021 பிப்ரவரியில் அதே காடு மேகமலையோடு சேர்க்கப்பட்டு, இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகம் ஆனது.

அத்தகைய காடுகளில் புலியை எப்படிப் படம் எடுக்கிறார்கள்? ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் மரத்தில் எதிரெதிராகக் கேமராவைக் கட்டிவிட்டு மனிதர்கள் வந்துவிடுவார்கள். உடல் சூட்டையும் அசைவையும் உணர்ந்து கேமரா தானே படம் எடுக்கும். ஒரு புலியின் வரிகள் இன்னொரு புலிக்கு இருப்பதில்லை. இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட ஒன்றல்ல. அதனால்தான் இரண்டு கேமராக்கள்.

2018-ஆம் ஆண்டின் தேசியப் புலிகள் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் இப்படிக் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அவற்றில் புலி இருந்தவை 76,651. அதாவது, ஏறக்குறைய 450 படங்களுக்கு ஒன்று. அந்த ஒன்றுக்காக எத்தனை பேர், எத்தனை நாள் கண் வலிக்கப் பார்த்திருப்பார்கள்! ஆனால் புலிக்கு இது எதுவும் தெரியாது. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நள்ளிரவில் அதே பாதையில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நமக்குத்தான் அது புதிய செய்தி.

விவிலியத்தில் யோபுவை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளை இழந்தவர், உடைமைகளை இழந்தவர், உடல் முழுதும் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து, ஏன் எனக்கு இந்தத் துன்பம் என்று கேட்டவர். அவருடைய கேள்விக்கு ஆண்டவர் நேரடியாக விளக்கம் தரவில்லை. காட்டு விலங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அவர்முன் நிறுத்துகிறார். மலையாடு எப்போது குட்டி ஈனுகிறது என்று உனக்குத் தெரியுமா எனக் கேட்கிறார். ஓட்டுகிறவனின் அதட்டலுக்கு அடங்காத காட்டுக்கழுதையைக் காட்டுகிறார். ஏர் இழுக்க வராத காட்டெருமையைக் காட்டுகிறார்.

நமக்கு உதவும் விலங்கைக் கொண்டாட நமக்குத் தெரியும். ராஜபாளையம் நாயின் படம் 2005-இல் அஞ்சல் தலையிலேயே வந்தது, நமக்கெல்லாம் பெருமை. யோபு பார்த்தவையோ பெரும்பாலும் எந்த வீட்டுக்கும் காவல் இராத, எந்த மனிதனுக்கும் வேலை செய்யாத உயிர்கள். அவற்றையும் கடவுள் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார், ஊட்டி வளர்க்கிறார். இதைக் கண்டபோது யோபுவின் மனம் அடங்குகிறது. கடவுளின் அன்பு தன் துயரத்தைவிடப் பெரிது, தன் வீட்டு வேலிக்கு அப்பாலும் அது விரிந்து கிடக்கிறது என்பதை அவர் கண்டுகொள்கிறார். இரண்டு காசுக்கு ஐந்தாக விற்கப்பட்ட சிட்டுக்குருவிகளைக் காட்டி நம் ஆண்டவர் இயேசு கற்பித்ததும் இதைத்தான்.

இனி, இரண்டு படங்களை மனக்கண்முன் கொண்டுவருவோம். இரண்டிலும் தாய் யானையும் குட்டியும்தான். 2023 டிசம்பர் இறுதியில் ஆனைமலைக் காட்டில் தாயைப் பிரிந்து தவித்த குட்டியை வனத்துறைப் பணியாளர்கள் கூட்டத்தோடு சேர்த்தார்கள். பிறகும் விடாமல் கண்காணித்தபோது, தாயின் அரவணைப்பில் அந்தக் குட்டி உறங்கும் காட்சி படமாகக் கிடைத்தது. இன்னொன்று, மேற்கு வங்கத்தின் பிஷ்ணுபூரில் எடுக்கப்பட்டு 2017-இல் விருது பெற்றது. கூட்டம் தீப்பந்துகளை எறிகிறது. நெருப்புக்கு நடுவே தாயும் குட்டியும் ஓடுகின்றன. முதல் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினோம். இரண்டாவதில் ஓடுகிற அந்தக் கூட்டம் யார்? நம்மைப் போன்ற மனிதர்கள்தான்.

அவர்களைத் தீர்ப்பிட நாம் அவசரப்பட வேண்டாம். மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவரின் வேதனை நமக்குத் தெரியாததா? கடன் வாங்கி வைத்து, பத்து ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்து கிடக்கும்போது, விலங்குகளை நேசியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது கிறிஸ்தவ அன்பு ஆகாது. அவருக்கு உரிய இழப்பீடு காலத்தோடு கிடைக்க உடன் நிற்பதும், மனுவை எழுதிக் கொடுப்பதும் அன்புதான். யானையின் உயிருக்காகவும் அந்த உழவரின் கண்ணீருக்காகவும் ஒரே நேரத்தில் மன்றாட நமக்கு இயலும். இயலவும் வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைப்போம். எங்கோ, எப்போதோ எடுத்த சிறுத்தைப் படத்தை, "நம் ஊருக்குள் வந்துவிட்டது" என்று எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? பிள்ளைகள் பள்ளிக்குப் போகப் பயப்படுவார்கள். இளைஞர்கள் கம்போடு கிளம்புவார்கள். வழிதவறி வந்த மரநாய்கூட அடிபட்டுச் சாகும். இப்போது கணினியே இல்லாத காட்சியைப் படமாக்கித் தருகிறது. பொய்ச்சான்று கூடாது என்ற எட்டாம் கட்டளை வாய்க்கு மட்டும் உரியது அல்ல, படத்தை அனுப்பும் விரலுக்கும் உரியது. தன்னைக் காத்துப் பேச வாய் இல்லாத உயிருக்கு எதிராகச் சொல்லும் பொய்யும் பொய்தான்.

ஆகவே, இந்த வாரம் அப்படி ஒரு படம் நம்மிடம் வந்தால் மூன்று காரியங்கள் செய்வோம். முதலில், இது எங்கே, எப்போது எடுத்தது என்று கேட்போம். தெரியாவிட்டால் நம்மோடு நிறுத்திக்கொள்வோம். இரண்டாவது, அந்த உயிரைப் படைத்தவருக்கு ஒரு நொடி நன்றி சொல்வோம். மூன்றாவது, நேரில் விலங்கைக் கண்டால், படம் எடுக்க நெருங்காமல் விலகி வழிவிடுவோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' மடலில், ஓர் உயிரினம் நம்மால் அழியும்போது அது தன் வாழ்வால் கடவுளுக்குத் தந்த மகிமையும் நின்றுபோகிறது என்று வருந்துகிறார். செண்பகத்தோப்பில் கிளை தாவும் அணிலும் கடவுளை மகிமைப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

மன்றாடுவோம்: மலையையும் அதில் உலவும் உயிர்களையும் படைத்த இறைவா, வியந்து பார்க்கும் கண்களை எங்களுக்குத் தந்தீர். உண்மையை மட்டும் பகிரும் கைகளையும் தாரும். மலையடிவாரத்தில் உழைப்போரின் விளைச்சலையும், மலைமேல் வாழும் உயிர்களையும் காத்தருளும். ஆமென்.