சங்கக்கடையும் மலிவு விலையும்

மலிவு விலைக் கடைத்தொடர் என்றவுடன் மேல்நாட்டுப் பெருங்கடைகளையே பலரும் நினைப்பர். தெல்லிப்பழை மக்களுக்கோ அத்தகைய கடை நெடுங்காலமாக ஊருக்குள்ளேயே இருந்துவந்துள்ளது. அதனைச் சங்கக்கடை என்பர். ஊர்தோறும் கிளை, கிளைகளிடையே ஒரே விலை, அன்றாடத் தேவைக்குரிய பண்டங்கள், ஆடம்பரமில்லாத கட்டடம் என மலிவுக்கடைத் தொடரின் இலக்கணம் யாவும் அதற்குண்டு. வேறுபாடு ஒன்றே: அக்கடையின் உடைமையாளர் அங்கே பண்டம் வாங்க வருபவரே.

விலையைக் குறைப்பதற்கு வழிகள் இரண்டு. ஜேர்மனியில் எசன் நகரத்தில் 1913ஆம் ஆண்டு அல்பிரெக்ட் குடும்பத்தார் சிறியதொரு பலசரக்குக் கடையைத் தொடங்கினர். இரண்டாம் உலகப்போரின் பின் அக்குடும்பத்துச் சகோதரர் இருவர் அதனைப் பெருக்கினர். சிலவகைப் பண்டங்களையே பெருந்தொகையாக வாங்கினர், அலங்காரத்தை ஒழித்தனர், வேலையாட்களைக் குறைத்தனர். 1962 முதல் ஆல்டி என்னும் பெயரோடு அக்கடைகள் உலகெங்கும் பரவின. செலவைக் குறைத்து விலையைக் குறைப்பது இவ்வழி. இலாபமோ உடைமையாளரையே சேரும்.

மற்றைய வழி அதற்கும் முந்தியது. இங்கிலாந்தின் றொச்டேல் என்னும் ஊரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர், ஆளுக்கொரு பவுணாகச் சேர்த்த முதலைக்கொண்டு 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓட்ஸ் மா முதலிய சில பண்டங்களே அங்கிருந்தன. கலப்படமில்லாத சரக்கு, சரியான நிறை, கடனில்லாத வியாபாரம் என்பன அவர்கள் வகுத்த விதிகள். சந்தை விலைக்கே விற்று, எஞ்சிய இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்கே திருப்பிக்கொடுத்தனர். சங்கக்கடையின் மூலவேர் அங்கேதான் உள்ளது.

இலங்கையில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதலில் தோன்றியவை ஐக்கிய நாணய சங்கங்கள். வட்டிக்கடனில் அமிழ்ந்த கமக்காரரை மீட்பதே அவற்றின் நோக்கம். யாழ்ப்பாணத்துப் புகையிலை, வெங்காயச் செய்கையாளரிடையே இவ்வியக்கம் நன்கு வேரூன்றியது. யாழ்ப்பாண நகரின் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரையே இன்றும் தாங்கிநிற்கின்றது.

பண்டசாலைகளைப் பெருக்கியது பஞ்சமே. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றவே பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது. அரிசியையும் மாவையும் பதுக்காமல் பகிர்ந்துகொடுக்க நம்பிக்கையான கை வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஐக்கிய பண்டசாலைகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. 1957ஆம் ஆண்டில், பிலிப் குணவர்த்தன விவசாய உணவு அமைச்சராயிருந்த காலத்தில், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. 1971இல் சிறு சங்கங்கள் பெருஞ்சங்கங்களாக இணைக்கப்பட்டன. தட்டுப்பாடு மிகுந்த அவ்வாண்டுகளில் கூப்பன் அரிசிக்கும் சீனிக்கும் மக்கள் சங்கக்கடை வாயிலில் வரிசையாக நின்றனர்.

அக்காலத்திலேயே ஒரு குறையும் முளைத்தது. அரசாங்கத்தின் பங்கீட்டுப் பண்டங்களே கடையை நிறைத்தமையால், மக்கள் அதனை அரசாங்கக் கடை என்று கருதத் தொடங்கினர். உரிமையாளர் என்னும் எண்ணம் தேய்ந்து, வரிசையில் நிற்பவர் என்னும் எண்ணமே வளர்ந்தது. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது; 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. சங்கக்கடைகளின் கூட்டம் குறைந்தது. கடையைத் தமதென்று கருதாதவர் அதனை விட்டு நீங்குவதில் வியப்பில்லை.

அதன் அருமையை மீண்டும் உணர்த்தியது போர். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மறுபடி மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். தெல்லிப்பழையின் பல பகுதிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. வடபகுதிக்குப் பொருளாதாரத் தடையும் விதிக்கப்பட்டது. மண்ணெண்ணெயும் சீனியும் கிட்டாப் பொருளாயின. அந்நாளில் நிவாரண உணவைக் குடும்பந்தோறும் அளந்து கொடுத்தவை கூட்டுறவுச் சங்கங்களே. இலாபம் கருதும் வியாபாரம் தயங்கிய இடத்தில், கணக்கேடும் தராசுமாக அவை நின்றன.

2009இல் போர் முடிந்தபின் மக்கள் படிப்படியாகத் திரும்பினர். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை புகையிரதமும் மீண்டது. 1983இல் கொழும்பில் முதற்கடையைத் திறந்த காகில்ஸ் பூட் சிற்றி போன்ற தொடர்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. நாடு முழுவதுக்கும் ஒருங்கே கொள்வனவு செய்யும் அவற்றுக்குக் கிடைக்கும் விலைக்கழிவு, தனித்தனியே கொள்வனவு செய்யும் சங்கத்துக்குக் கிடைப்பதில்லை. எனினும், 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் 94.9 வீதமானபோது, ஊருக்கருகே நியாய விலையில் பண்டம் தரும் கடையின் பெறுமதி மீண்டும் புலப்பட்டது.

எனவே தெல்லிப்பழையின் சங்கக்கடை நிலைபெற வேண்டுமாயின், அயற் சங்கங்களோடு கூடிக் கொள்வனவு செய்தல் வேண்டும். அவ்வூர்த் தோட்டங்களின் விளைபொருளை நேரே வாங்கி விற்றல் வேண்டும். கணக்கை உறுப்பினர்முன் ஒளிவுமறைவின்றி வைத்தல் வேண்டும். இவை யாவற்றினும் மேலாக, உறுப்பினர் பொதுக்கூட்டத்துக்கு வருதல் வேண்டும். பஞ்சகாலத்தில் மாத்திரம் நினைக்கப்படும் கடை, அடுத்த பஞ்சம் வரும்வரை உயிரோடிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.